மாய உலகத்துக்குப் போனாலும் வேலை செய்துதான் ஆக வேண்டும்

கேள்வி இதுதான்: "என் மகனோடு உட்கார்ந்து ஜப்பானிய அனிமேஷன் படங்கள் சிலவற்றைப் பார்த்தேன். சூனியக்காரி வருகிறாள், டிராகன் வருகிறது, ஆனால் நாம் எதிர்பார்க்கிற மாதிரி சண்டை இல்லை. வில்லன் யாரென்று கடைசிவரை பிடிபடவில்லை. அப்படியும் பாதியில் எழுந்துபோக மனம் வரவில்லை. இந்தப் படங்களில் அப்படி என்னதான் இருக்கிறது?"

ஓவியம் அழகு, இசை அருமை, கற்பனைக்கு அளவே இல்லை என்று வழக்கமாக ஒரு பதில் சொல்வார்கள். மூன்றும் உண்மை. ஆனால் அழகான அனிமேஷன் படங்கள் உலகம் முழுக்க வருகின்றன. ஒரு தடவை பார்க்கிறோம், நன்றாக இருந்தது என்கிறோம், மறந்தும்விடுகிறோம். இந்தப் படங்கள் மட்டும் மனசுக்குள் குடியேறிவிடுவதற்கு நான் கண்ட காரணம் வேறு. இவற்றில் மாய உலகத்துக்குள் நுழைகிற பிள்ளை அங்கே வேலை பார்க்கிறது. தரை துடைக்கிறது, அடுப்பு மூட்டுகிறது, சமைக்கிறது, பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறது. கதைக்கு நடுவே இளைப்பாறுவதற்காக வைத்த காட்சிகளாக இவை தெரியலாம். உண்மையில் சாகசமே இதுதான்.

ஜப்பானில் எல்லாரும் இப்படித்தான் எடுக்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். இது முக்கியமாக ஹயாவோ மியாசாகி போட்ட பாதை. அவரும் இசாவோ தகாஹாத்தாவும் தயாரிப்பாளர் தொஷியோ சுஸுகியும் சேர்ந்து 1985இல் தொடங்கிய ஸ்டூடியோ கிப்ளியில் அது விரிந்தது. பின்னால் வந்த பலர் அதே பாதையில் தங்கள் விதத்தில் நடந்தார்கள். அதனால் பெரும்பாலும் மியாசாகியின் படங்களை வைத்தே சொல்கிறேன்.

'ஸ்பிரிட்டட் அவே' படத்தை எடுத்துக்கொள்வோம். 2001இல் வந்தது. 2002இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடி, 2003இல் ஆஸ்கர். பத்து வயது சிஹிரோ அப்பா அம்மாவோடு புது ஊருக்குக் குடிபோகிற வழியில் ஆளில்லாத ஒரு கடைத்தெருவுக்குள் நுழைகிறாள். கடையில் சுடச்சுட சாப்பாடு அடுக்கி வைத்திருக்கிறது, ஆள் யாரும் இல்லை. அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்து எடுத்துச் சாப்பிடத் தொடங்குகிறார்கள். வேண்டாம் என்று சிஹிரோ கெஞ்சும்போது அப்பா சொல்கிற பதில்: கவலைப்படாதே, அப்பாவிடம் கிரெடிட் கார்டும் இருக்கிறது, காசும் இருக்கிறது. அடுத்த சில நிமிடங்களில் இருவரும் பன்றிகளாகிவிடுகிறார்கள்.

படம் முழுக்க அந்த ஒரு வாக்கியத்துக்கான பதில்தான். காசிருந்தால் எதையும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்த பெரியவர்கள் தொழுவத்தில் கிடக்க, கையில் ஒன்றுமே இல்லாத குழந்தை வேலை கேட்டுப் போகிறது. அந்த ஊரில் இருப்பது, தெய்வங்களும் ஆவிகளும் வந்து குளித்துக் களைப்பாறுகிற பெரிய குளியல் மாளிகை. நடத்துபவள் சூனியக்காரி யுபாபா. வேலை கேட்டு வருகிற யாரையும் மறுக்கமாட்டேன் என்று அவள் ஒரு சத்தியத்துக்குக் கட்டுப்பட்டிருக்கிறாள். வேலை இல்லாதவர்களை மிருகமாக்கிவிடுவாள். ஆகவே ஹக்கு என்ற சிறுவன் சிஹிரோவுக்குச் சொல்லித் தருவது மந்திரமோ வாள்வீச்சோ கிடையாது. என்ன சொன்னாலும், எப்படி மிரட்டினாலும், வேலை கொடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டே இரு என்கிறான். யுபாபா ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவள் பெயரில் பாதியைப் பறித்துவிடுகிறாள். இனி அவள் பெயர் சென்.

அதற்கு முன்னால் கொதிகலன் அறையில் ஒரு காட்சி வருகிறது. ஆறு கைகளோடு கமாஜி என்ற கிழவர் மருந்து அரைத்துக்கொண்டும் தண்ணீர் திறந்துவிட்டுக்கொண்டும் இருக்கிறார். கீழே புகைக்கரியாலான குட்டிப் பூச்சிகள் ஆளுக்கொரு கரித்துண்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு உலைக்கு ஓடுகின்றன. ஒரு பூச்சி பாரம் தாங்காமல் நசுங்கிப்போகிறது. சிஹிரோ பாவப்பட்டு அந்தக் கரியைத் தூக்குகிறாள். தூக்கிய பிறகுதான் அதன் கனம் தெரிகிறது. முதுகு வளைகிறது, கால் தள்ளாடுகிறது. இதை எங்கே வைப்பது என்று கமாஜியைக் கேட்கிறாள். தொட்ட வேலையை முடி என்கிறார் அவர். உலையின் அனல் முகத்தில் அடிக்க, தட்டுத்தடுமாறிப் போய்க் கரியை உள்ளே எறிந்துவிட்டுத் திரும்புகிறாள். இதைப் பார்த்த மற்றப் பூச்சிகள் எல்லாம் தங்கள் கரியைத் தாங்களே மேலே போட்டுக்கொண்டு நசுங்கியதாக நடிக்கின்றன, எங்கள் வேலையையும் இவளே செய்யட்டும் என்று.

ஒரு நிமிடம் கொஞ்சம் கூடுதலாக ஓடுகிற காட்சி. அதற்குள் அந்த உலகத்தின் கனம், சூடு, சட்டம், குறும்பு எல்லாம் நமக்குத் தெரிந்துவிடுகிறது. இந்த இடம் உண்மையாக இருக்கிறது என்று எந்த வசனமும் நமக்குச் சொல்லவில்லை. ஒரு கரித்துண்டு கனக்கிறது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு யுபாபா பறவையாகிப் பறந்தாலும் மூன்று தலைகள் தாமாகக் குதித்துக் குதித்து உருண்டாலும் நாம் கேள்வி கேட்பதில்லை.

சென்னுக்குக் கிடைக்கிற முதல் பெரிய வேலை, யாரும் பக்கத்தில் போகத் துணியாத ஒரு வாடிக்கையாளர். சேறும் சாக்கடையும் உருவெடுத்து வந்த மாதிரி ஒரு தெய்வம். நாற்றத்தில் சோறு கெட்டுப்போகிறது. மாளிகையே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நிற்கிறது. முழங்காலுக்கு மேல் சகதியில் நின்று தண்ணீர் திறந்துவிடுகிற சென்னின் கையில் ஏதோ முள் மாதிரி தட்டுப்படுகிறது. கயிறு கட்டி எல்லாரும் சேர்ந்து இழுக்க, முதலில் ஒரு சைக்கிள் வருகிறது. பின்னாலேயே மலை மாதிரி குப்பை. எல்லாம் வெளியே வந்த பிறகுதான் தெரிகிறது, வந்தவர் ஒரு பெரிய ஆற்றின் தெய்வம் என்று. மியாசாகி தன் வீட்டுப் பக்கத்து ஆற்றைச் சுத்தம் செய்யப் போனபோது உண்மையாகவே ஒரு சைக்கிளை இழுத்து வெளியே போட்ட அனுபவத்திலிருந்து வந்த காட்சி இது. சுற்றுச்சூழலைக் காப்போம் என்று ஒரு வரிகூடப் படத்தில் இல்லை. ஆற்றுக்கு நாம் என்ன செய்தோம் என்பதை ஒரு குழந்தையின் உள்ளங்கையில் குத்துகிற சைக்கிள் கைப்பிடி சொல்லிவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த மாளிகைக்கு வெளியே சுவரை ஒட்டி ஒரு நெடும் மரப்படிக்கட்டு இருக்கிறது. கைப்பிடி கிடையாது. முதல் நாள் சிஹிரோ அதில் உட்கார்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்குகிறாள். அதே பெண் படத்தின் பின்பகுதியில், அடிபட்ட ஹக்குவைக் காப்பாற்ற, சுவரை ஒட்டிய உடைந்த குழாய் மேல் ஓட்டமாக ஓடுகிறாள். இடையில் அவளுக்கு எந்தச் சக்தியும் வரவில்லை. வேலை பார்த்தாள், அவ்வளவே. அவள் தைரியசாலி ஆகிவிட்டாள் என்று யாரும் வாய்திறந்து சொல்வதும் இல்லை.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் 1960களுக்குப் போக வேண்டும். மியாசாகி 1963இல் தோயேய் அனிமேஷன் நிறுவனத்தில் சேர்ந்தார். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே தொழிற்சங்கத்தின் செயலாளர் ஆனார். சங்கத்தில் பொறுப்பில் இருந்த இன்னொருவர் தகாஹாத்தா. இருவரும் சேர்ந்து உழைத்து, தகாஹாத்தா இயக்கி 1968இல் வந்த முதல் படம், ஹோருஸ் என்ற சிறுவனின் சாகசக் கதை. தியேட்டரில் ஓடவில்லை. ஆனால் அதில் ஊரே சேர்ந்து மீன் பிடிக்கிறது, ஊரே சேர்ந்து உலை மூட்டி நாயகனின் வாளைத் திரும்ப வார்க்கிறது. தனி ஒருவன் வாள் எடுத்து அரக்கனைக் கொல்கிற கதையை, ஊர் கூடி வாள் செய்கிற கதையாக அப்போதே மாற்றியிருக்கிறார்கள். பிற்காலத்து கிப்ளி படங்களின் விதை எனக்கு அங்கேதான் தெரிகிறது.

'காசில் இன் த ஸ்கை' (1986) கிப்ளி பெயரில் வந்த முதல் படம். வானத்தில் மிதக்கிற தீவைத் தேடிப் போகிற கதை. அதன் நாயகன் பாஸு சுரங்கத்தில் வேலை பார்க்கிற பையன். 1980களின் நடுவில் மியாசாகி பிரிட்டனின் வேல்ஸ் பகுதிக்குப் போனபோது அங்கே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் பெரும் வேலைநிறுத்தத்தை ஒட்டிய காலம். தங்கள் வாழ்க்கையைக் காப்பாற்ற அவர்கள் நடத்திய போராட்டம் அவரைத் தொட்டது. படத்தின் பள்ளத்தாக்கு ஊர் அங்கிருந்து வந்தது. பாஸுவும் ஷீட்டாவும் கடற்கொள்ளைக்காரி டோலாவின் பறக்கும் கப்பலில் ஏறியதும் டோலா இருவருக்கும் வேலை கொடுக்கிறாள். பாஸுவுக்கு எஞ்சின் அறை, ஷீட்டாவுக்கு அழுக்கு மண்டிய சமையலறை. ஷீட்டா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பாத்திரங்களைத் தேய்க்க ஆரம்பிக்கிறாள். டோலாவின் தடிமாடு மாதிரியான மகன்கள் ஒவ்வொருவராக ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வந்து உதவிக்கு நிற்கிறார்கள். எதிரிகள் உறவாக மாறுவது அந்தச் சமையலறையில்தான்.

'கிகிஸ் டெலிவரி சர்வீஸ்' (1989) இதை இன்னும் வெளிப்படையாகச் செய்கிறது. கிகி பதின்மூன்று வயது சூனியக்காரி. மரபுப்படி ஒரு வருடம் வெளியூரில் தனியாகப் பிழைக்க வேண்டும். அவளுக்குத் தெரிந்த ஒரே வித்தை துடைப்பத்தில் பறப்பது, ஆகவே பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிற தொழில் தொடங்குகிறாள். ஒரு பாட்டி பேத்தியின் விருந்துக்காக, மீனை மாவுக்குள் வைத்துச் சுடுகிற 'பை' (pie) என்ற பலகாரம் செய்ய நினைக்கிறார். மின்சார அடுப்பு வேலை செய்யவில்லை. கிகி விறகு அடுப்பை மூட்டி, கூடவே நின்று, அதைச் சுட்டு எடுத்துக்கொண்டு கொட்டுகிற மழையில் பறந்துபோய்க் கொடுக்கிறாள். கதவைத் திறந்த பேத்தி, பாட்டியோட இந்தப் பை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது என்று சொல்லிவிட்டு வாங்கிக் கதவைச் சாத்துகிறாள். இதற்குப் பழிவாங்கல் கிடையாது. அந்தப் பெண் பின்னால் திருந்துவதும் கிடையாது. நனைந்த துணியோடு கிகி வீடு திரும்பிக் காய்ச்சலில் படுக்கிறாள். கஷ்டப்பட்டுச் செய்த காரியத்தை யாரும் மதிக்காத நாள் என்பது வேலைக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும். பெரியவர்கள் இந்தப் படத்தைப் பார்த்துக் கண்கலங்குவது அதனால்தான். பிறகு அவளால் பறக்கவே முடியாமல் போகிறது. படம் அதற்கு ஒரு மருந்தோ மந்திரக்கல்லோ தருவதில்லை. காட்டுக்குள் வசிக்கிற ஓவியப் பெண் ஒருத்தி, எனக்கும் இப்படி வரையவே வராத நாட்கள் வந்தன, அப்போது வரைவதை விட்டுவிட்டு நடந்தேன், தூங்கினேன் என்று சொல்கிறாள்.

'ஹவுல்ஸ் மூவிங் காசில்' (2004) படத்தில் பதினெட்டு வயது சோஃபி சாபத்தால் கிழவியாகி, நடக்கும் கோட்டைக்குள் போய்ச் சேருகிறாள். அங்கே தன்னைத் தானே துப்புரவு வேலைக்காரியாக நியமித்துக்கொண்டு ஒட்டடை அடிக்கிறாள். நெருப்புப் பூதமான கால்சிஃபர் மேல் சட்டியை வைத்துப் பன்றி இறைச்சியும் முட்டையும் வறுக்கிற காட்சியைப் பார்த்துப் பசி எடுக்காதவர்கள் குறைவு.

இப்போது ஓவியத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த வேலைகளை நம்ப வைப்பது கைதான். சினிமாவில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். ஒரே ஓவியத்தை மூன்று ஃபிரேமுக்கு வைத்தால் நொடிக்கு எட்டு ஓவியம் போதும். 1963இல் தொடங்கிய 'ஆஸ்ட்ரோ பாய்' தொடரிலிருந்து ஜப்பானியத் தொலைக்காட்சி இந்தச் சிக்கனத்தில்தான் வளர்ந்தது. கிப்ளி படங்கள் அந்தச் சிக்கனத்தை உதறின. 'பிரின்சஸ் மோனோனோகே'வுக்கு மட்டும் ஓவியம் தீட்டிய செல்லுலாய்டு தாள்கள் சுமார் 1,44,000. அவற்றில் ஏறத்தாழ 80,000 ஓவியங்களை மியாசாகி தானே பார்த்துத் திருத்தினார் அல்லது திரும்ப வரைந்தார் என்று சொல்வார்கள்.

எண்ணிக்கையைவிட முக்கியம், எதைப் பார்த்து வரைகிறார்கள் என்பது. ஸ்பிரிட்டட் அவேயில் டிராகனாக இருக்கும் ஹக்குவின் வாயைச் சிஹிரோ பலவந்தமாகத் திறந்து மருந்தைத் திணிக்கிறாள். டிராகனை யாரும் பார்த்ததில்லை. மியாசாகி ஓவியர்களிடம், நாய்க்கு மருந்து கொடுக்கும்போது பார்த்ததில்லையா, அதை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். அங்கிருந்த இளைஞர்களில் நாய் வளர்த்தவர்களே இல்லை. ஆகவே குழுவாகக் கால்நடை மருத்துவமனைக்குப் போய், நாயின் வாயைத் திறந்து பிடித்து, ஈறும் தாடையும் எப்படி அசைகின்றன என்று படம்பிடித்து வந்து வரைந்தார்கள். சுவரிலிருந்து டிராகன் நழுவி விழுவதற்குப் பல்லியைப் பார்க்கச் சொன்னார். நாம் திரையில் பார்ப்பது கற்பனை மிருகம். ஆனால் அதன் தசையும் வலியும் நாம் அறிந்தவை.

2025 மார்ச்சில் எல்லாரும் தங்கள் கல்யாண ஃபோட்டோவை ஏ.ஐ. மூலம் 'கிப்ளி' ஓவியமாக மாற்றிப் பகிர்ந்த அலை ஞாபகம் இருக்கும். அந்தப் படங்களில் நிறம் இருந்தது, முகச்சாயல் இருந்தது. யாரும் எதையும் செய்துகொண்டிருக்கவில்லை. கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். கிப்ளி படத்தில் கூட்டத்தில் ஓரமாக வருகிற ஆள்கூட ஏதாவது செய்துகொண்டிருப்பான், குழந்தையைத் தூக்கியிருப்பான், மூட்டையை இழுப்பான். 'த விண்ட் ரைசஸ்' (2013) படத்தில் நிலநடுக்கத்தின்போது கூட்டம் நகர்கிற ஒரு காட்சி. திரையில் நான்கே நொடி. அதை வரைந்து முடிக்க ஓர் ஓவியருக்கு ஒரு வருடமும் மூன்று மாதமும் ஆனது. அந்த உழைப்பு நம் கண்ணுக்குத் தனியாகத் தெரியாது. கூட்டம் கூட்டமாகவே தெரியும்.

வில்லன் யாரென்று பிடிபடவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அதற்கும் இதே இடத்திலிருந்துதான் பதில் சொல்ல வேண்டும், அதற்கு 1997இல் வந்த பிரின்சஸ் மோனோனோகேவைவிட நல்ல படம் இல்லை. எனக்கு மியாசாகியின் படங்களிலேயே மிகப் பெரியது இதுதான். ஸ்பிரிட்டட் அவேயைச் சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன், ஆனால் என் தேர்வு இது.

ஜப்பானின் முரோமாச்சி காலம், அதாவது 14 முதல் 16ஆம் நூற்றாண்டு வரை. வடகிழக்கில் ஒதுங்கி வாழ்கிற எமிஷி குடியின் இளவரசன் அஷிதாகா, வெறிபிடித்து ஊரைத் தாக்க வந்த காட்டுப்பன்றித் தெய்வத்தைக் கொல்கிறான். அதன் சாபம் அவன் வலது கையில் தழும்பாக ஏறுகிறது. மெல்ல மெல்ல அவனைக் கொல்லும். பன்றியின் உடலுக்குள் ஓர் இரும்புக் குண்டு கிடைக்கிறது. அதைச் செய்தது யார் என்று தேடி மேற்கே போகிறான். போய்ச் சேருகிற இடம் எபோஷி என்ற பெண் நடத்துகிற இரும்பு ஊர். குண்டு அவளுடையது. காட்டை அழிக்கிறவளும் அவள்தான். ஜப்பானின் பழைய இரும்புத் தொழிலுக்கு ஆற்று மணலிலிருந்து பிரித்த இரும்பு மணலும், அதை உருக்க மலை மலையாகக் கரியும் வேண்டும். கரி என்றால் காடு. வரலாற்றில் ஷிமானே மலைப்பகுதியில் உண்மையாகவே நடந்த தொழில் இது.

நாம் எபோஷியை வெறுக்கத் தயாராக இருக்கும் நேரத்தில் படம் அவள் ஊருக்குள் நம்மை அழைத்துப் போகிறது. அங்கே உலைக்குத் துருத்தி மிதிப்பவர்கள் பெண்கள். விலைமாதர் விடுதிகளுக்கு விற்கப்பட்டவர்களை எபோஷி மீட்டுக் கொண்டுவந்திருக்கிறாள். ஒரு முறை உலை மூட்டினால் நான்கு நாட்கள் இரவும் பகலும் மிதிக்க வேண்டும். இருந்தாலும் பழைய வாழ்க்கையைவிட இது எவ்வளவோ மேல், வயிறார சாப்பிடுகிறோம், ஆம்பளைங்க அதிகாரம் பண்ணுவதில்லை என்று சிரிக்கிறார்கள். அஷிதாகா மேலாடையைக் கழற்றிவிட்டு ஒரு பெண்ணின் இடத்தில் நின்று தானும் மிதிக்கிறான். கஷ்டமான வேலை என்கிறான். விசாரிக்க வந்தவன், பழிதீர்க்கவும் கூடும் என்று நாம் நினைத்தவன், முதலில் செய்வது அந்த ஊரின் வேலையை.

பிறகு எபோஷி அவனைத் தன் தோட்டத்துக்குக் கூட்டிப் போகிறாள். உள்ளே உடல் முழுக்கத் துணி சுற்றிய தொழுநோயாளிகள் உட்கார்ந்து துப்பாக்கி செய்கிறார்கள். புதுத் துப்பாக்கிகளைப் பார்த்ததும் அஷிதாகாவின் சாபக்கை தானாகவே வாளை நோக்கிப் போகிறது. இடக்கையால் அதை இறுக்கிப் பிடிக்கிறான். இவளைக் கொன்றால் சாபம் போகும் என்றால் இந்தக் கையை விட்டுவிடுவேன், ஆனால் இது அத்தோடு நிற்காது என்கிறான். அப்போது மூலையில் படுத்திருக்கிற நோயாளி ஒருவர், எழக்கூட முடியாதவர், பேசுகிறார்: உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த அம்மாவைக் கொன்றுவிடாதீர்கள். எங்களை மனிதர்களாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அழுகின எங்கள் உடம்பைக் கழுவிக் கட்டுப்போட்டவர் அவர்தான்.

மியாசாகியின் வீட்டுக்குப் பக்கத்தில் பழைய தொழுநோய் இல்லம் ஒன்று இருக்கிறது. இந்தக் கதையில் திணறிக்கொண்டிருந்த காலத்தில் அவர் அங்கே போய், அந்த மனிதர்களின் வாழ்க்கையைப் பார்த்த பிறகே இந்தப் பாத்திரங்களைக் கொண்டுவந்ததாகச் சொல்லியிருக்கிறார். மேம்போக்காக வரைந்துவிடக் கூடாது என்று தன்னையே கட்டாயப்படுத்திக்கொண்டார். அது காட்சியில் தெரிகிறது.

ஆக, காட்டைக் காக்கிற, ஓநாய்கள் வளர்த்த பெண் சானும் சரி, காட்டை வெட்டுகிற எபோஷியும் சரி, தங்களை நம்பியிருக்கிறவர்களுக்காகவே நிற்கிறார்கள். ஒருத்தி தோற்றால் தொழுநோயாளிகள் தெருவுக்கு வருவார்கள். இன்னொருத்தி தோற்றால் ஓநாய்களுக்கு இடமில்லை. இந்த நிலையில் எந்த இயக்குநராலும் வில்லனைச் சாகடித்துக் கதையை முடிக்க முடியாது. மியாசாகியும் முடிக்கவில்லை. எபோஷி ஒரு கையை இழக்கிறாள், ஊர் அழிகிறது, நல்ல ஊராகத் திரும்பக் கட்டுவோம் என்கிறாள். சான் அஷிதாகாவிடம், உன்னைப் பிடிக்கும், ஆனால் மனிதர்களை மன்னிக்க முடியாது என்று சொல்கிறாள். அதனால் என்ன, நீ காட்டில் இரு, நான் இரும்பு ஊரில் இருக்கிறேன், உன்னைப் பார்க்க வருவேன் என்கிறான் அவன். காதல் இருக்கிறது, சமாதானம் இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள முடியும் என்று பிள்ளைகளிடம் பேசுகிற படங்கள் எத்தனை இருக்கின்றன?

வேலையைப் பற்றி இவ்வளவு சொன்னேன், சும்மா இருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'மை நெய்பர் டோட்டோரோ' (1988) படத்தில் இரண்டு சகோதரிகள் இரவு மழையில் அப்பாவின் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறார்கள். சின்னவளுக்குத் தூக்கம் வருகிறது, அக்கா அவளை முதுகில் தூக்கிக்கொள்கிறாள். ஒரு தவளை நகர்கிறது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறது. பக்கத்தில் பெரிய ரோமக்கால்கள் வந்து நிற்கின்றன. அக்கா நிமிர்ந்து பார்த்தால் காட்டுப் பூதம் டோட்டோரோ, தலையில் ஓர் இலையோடு. அவள் பயந்து ஓடுவதில்லை. அப்பாவுக்காக வைத்திருந்த குடையைக் கொடுக்கிறாள். குடைமேல் மழை விழுகிற சத்தம் பூதத்துக்குப் பிடித்துப்போக, எம்பிக் குதித்து மரத்தில் நிற்கிற தண்ணீரையெல்லாம் ஒரேயடியாகக் கொட்ட வைக்கிறது. கதைக்கு இதனால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் காத்திருக்கிற நேரம் எப்படி இருக்கும் என்பதை இவ்வளவு உண்மையாகக் காட்டியதால், அதற்குள் வந்த பூதமும் உண்மையாகிவிட்டது. மியாசாகியின் அம்மா காசநோயால் பல வருடம் படுக்கையில் இருந்தவர். படத்துப் பிள்ளைகளின் அம்மாவும் மருத்துவமனையில் இருக்கிறாள். அந்தப் பயம் படம் முழுக்க அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. யாரும் அதைப் பற்றி நீளமாகப் பேசுவதில்லை.

மற்ற இயக்குநர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மகோதோ ஷிங்காயின் 'சுஸூமே' (2022) கிப்ளியின் பாதைக்கு மிகப் பக்கத்தில் வருகிறது. நிலநடுக்கத்தை உண்டாக்கும் கதவுகளை மூடிக்கொண்டே ஒரு பெண் கியூஷுவிலிருந்து வடக்கு நோக்கிப் போகிறாள். போகிற வழியில் ஓர் ஊரில் தங்கும் விடுதியில் வேலைக்குக் கைகொடுக்கிறாள், கோபே நகரத்தில் இரட்டைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். ஒவ்வொரு கதவும் பாழடைந்த இடத்தில் இருக்கிறது. அதைப் பூட்ட வேண்டுமானால் ஒரு காலத்தில் அங்கே வாழ்ந்தவர்களின் குரலைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். அவளுடைய அம்மா 2011 சுனாமியில் இறந்தவர் என்பது பின்னால் தெரியும்போது முதலிலிருந்து பார்த்ததெல்லாம் வேறு அர்த்தம் கொள்கிறது. மமோரு ஹொசோதாவின் 'வுல்ஃப் சில்ட்ரன்' (2012) ஓநாய்க் குழந்தைகளை வளர்க்கக் கிராமத்துக்குப் போய் விவசாயம் கற்றுக்கொள்கிற அம்மாவின் கதை. உருளைக்கிழங்கு பயிரிடுவதற்கு இவ்வளவு நேரம் ஒதுக்கிய மாயக்கதை வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை.

'டீமன் ஸ்லேயர்' வேறு இனம். அது தொடராக வளர்ந்த சண்டைக் கதை. 2020இல் வந்த அதன் படம்தான் ஜப்பானில் ஸ்பிரிட்டட் அவே பத்தொன்பது வருடம் வைத்திருந்த வசூல் சாதனையை முறியடித்தது. 2025 செப்டம்பரில் அடுத்த படம் தமிழ் டப்பிங்கோடு இங்கே தியேட்டருக்கு வந்தபோது இளைஞர்கள் கொண்டாடினார்கள். அதன் வாள்வீச்சுக் காட்சிகளின் வேகத்தை நானும் ரசிக்கிறேன். ஆனால் நீங்கள் கேட்ட ஈர்ப்பு அதில் இருப்பது அல்ல. அங்கே யார் எதிரி என்பதில் சந்தேகம் குறைவு.

எதிலிருந்து தொடங்கலாம் என்றால், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் டோட்டோரோ, பிறகு கிகி. எட்டு, ஒன்பது வயதுக்கு மேல் காசில் இன் த ஸ்கையும் ஸ்பிரிட்டட் அவேயும். அம்மா அப்பா பன்றியாகிற இடத்தில் குழந்தைகள் பயப்படும், பக்கத்தில் உட்காருங்கள். கிப்ளி படங்கள் பல 2020இலிருந்து நெட்ஃப்ளிக்ஸில் நம் நாட்டிலும் கிடைத்துவருகின்றன. முடிந்தவரை ஜப்பானிய ஒலியிலேயே சப்டைட்டிலோடு பாருங்கள், அமைதியான இடங்களை அமைதியாகவே விட்டிருப்பார்கள். இசையமைப்பாளர் ஜோ ஹிசைஷியின் பியானோவும் அப்போதுதான் சரியாகக் கேட்கும். வீட்டில் பெரியவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்றால், ஜப்பானிய இயக்குநர் யூகோ சாகோ இந்திய அனிமேஷன் கலைஞர் ராம் மோகனோடு சேர்ந்து எடுத்த ராமாயணப் படம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானியக் கலைஞர்கள் கையால் வரைந்தது. 2025 ஜனவரியில் தமிழிலும் டப் செய்து தியேட்டரில் வெளியிட்டார்கள். அசோகவனத்தின் மரங்களையும் சேதுவுக்குக் கல் சுமக்கிற வானரங்களையும் அந்தக் கைகள் எப்படி வரைந்திருக்கின்றன என்று பாருங்கள்.

மோனோனோகேவைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்கு முன்னால் காட்ட வேண்டாம். அம்பு பட்டுக் கை துண்டாகிற, தலை போகிற காட்சிகள் ஆரம்பத்திலேயே வருகின்றன. காட்டும் நாளில் முழுசாக இரண்டேகால் மணி நேரம் ஒதுக்கிவையுங்கள், அதைப் பாதியில் நிறுத்திப் பார்ப்பதற்கில்லை.